இனிக்கத் தொடங்கிய கிணறு

எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குறை சொன்னவர்கள் யாரும் என்னிடம் இரண்டாவது தடவை பேசியதில்லை. நான் பேச விட்டதில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கல்யாணமான மறுநாளே அதைக் கண்டுபிடித்துப் பயந்துபோய்த்தான் என் வீட்டுக்காரர் அனீஸ் குவைத்துக்கு ஓடினார் என்று எங்கள் தெருவில் கேலி பேசுவார்கள். பேசட்டும், எனக்கும் சிரிப்புத்தான் வரும். கிணற்றைச் சொன்னால் மட்டும் பொறுக்காது.

அது எங்கள் அத்தா வெட்டிய கிணறு. அத்தா தஸ்தகீர் ராவுத்தருக்குப் பாலக்கரையில் செருப்புக் கடை. கடைக்குப் பின்னால் ஒரே அறையில் நாங்கள் அத்தனை பேரும் குடியிருந்தோம். எனக்கு எட்டு வயதிருக்கும்போது பொன்மலையைத் தாண்டிக் கருவேலந்திடலில் ஒரு மனை வாங்கினார். சுற்றிலும் முள்ளுக்காடு. "இங்க மனுசன் இருப்பானா?" என்று அம்மா அழுதார். அத்தா காதிலேயே வாங்கவில்லை. வீட்டுக்குக் கடைக்கால் தோண்டுவதற்கு முன்னால் கிணறு வெட்டினார். தண்ணீர் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல தண்ணீர். பருப்பு வேகும், தாகம் அடங்கும். குடித்தால் சப்பென்று இருக்கும், அவ்வளவுதான். இனிப்பெல்லாம் கிடையாது.

பிறகு சுற்றுச்சுவர் எழுப்பும்போது அத்தா ஒரு காரியம் செய்தார். நேராக வந்த சுவரைக் கிணற்றுக்குப் பக்கத்தில் உள்பக்கமாக வளைத்து, தாண்டியதும் மறுபடி நேராகக் கொண்டுபோகச் சொன்னார்.

"பாய், கிணறு தெருவுக்குப் போயிடுதே" என்றார் கொத்தனார்.

"போகட்டும்ப்பா, அது தெருவுக்குத்தான்."

அன்றைக்கு அம்மா அவரோடு பேசவே இல்லை. சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தா என்னைப் பார்த்துப் பேசுகிற சாக்கில் அம்மாவுக்குச் சொன்னார். "மனுசன் மவுத்தாயிட்டா தொழுகை இல்ல, நோன்பு இல்ல, எல்லாம் நின்னுரும். தண்ணி குடுத்துட்டுப் போனவனுக்கு மட்டும் நிக்காது. யாராச்சும் ஒரு மிடறு குடிச்சாக்கூட கப்ருக்குழியில இருக்கிறவனுக்கு நன்மை போய்ச் சேர்ந்துக்கிட்டே இருக்கும். நான் போனப்புறம் எனக்குன்னு இருக்கப்போறது இந்தக் கிணறுதான்."

அம்மா எழுந்துபோய் அவருக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். சண்டை முடிந்தது.

அந்த நாள்களை நினைத்தால் இப்போதும் மனசு குளிர்ந்துவிடும். பொன்மலை ஒர்க்‌ஷாப்புக்கு ஷிப்டு போகிறவர்கள் சைக்கிளை ஒரு காலில் தாங்கி நிறுத்தி, எண்ணெய்க் கையாலேயே வாளியை இழுத்துக் குடிப்பார்கள். அத்தா ஒரு அலுமினிய டம்ளரைச் சங்கிலியில் கட்டிப் போட்டிருந்தார். மாதத்துக்கு ஒன்று காணாமல் போகும். அம்மா திட்டுவார். "எடுத்துட்டுப் போனவனும் அதுல தண்ணிதானேடி குடிப்பான்" என்று அத்தா சிரித்துக்கொண்டே அடுத்த டம்ளரைக் கட்டுவார்.

பக்கத்து வீடு மாரியாயி வீடு. அவள் அப்பா பொன்மலை ரயில்வேயில் கலாசி. நானும் அவளும் ஒரே வயது, ஒரே உயரம். ராட்டினத்தில் ஒரே கயிற்றை ஆளுக்கொரு பக்கம் இழுத்து வளர்ந்தவர்கள். வாளி உள்ளே விழுந்தால் பாதாளக் கரண்டியை இறக்கித் துழாவுவோம்; எங்கள் வாளியைத் தவிர ஊரில் உள்ள எல்லாருடைய வாளியும் ஏறி வரும். எங்கள் அத்தாவை அவளும் அத்தா என்றுதான் கூப்பிட்டாள். நோன்பு மாதம் முழுக்கப் பள்ளிவாசல் கஞ்சிக்கு இந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். மத்தியானமே உலை ஏறிவிடும். வெந்தயமும் பூண்டும் கொதிக்கிற வாசம் எங்கள் அடுப்படிக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். வரிசையில் முதல் ஆளாக மாரியாயி தூக்குவாளியோடு நிற்பாள்.

"ஏன்டி, உனக்கென்ன நோன்பு?" என்று கேட்பேன்.

"நானும் நோன்புதான். காலையில மூணு இட்லியோட நிறுத்திட்டேன்" என்பாள்.

அவள் கல்யாணமானதும் இதே தெருவில், நான் கல்யாணமானதும் இதே தெருவில். கிணறு எங்களை வேறு எங்கும் விடவில்லை என்று நாங்களே சொல்லிக்கொள்வோம்.

முள்ளுக்காடு இருந்த இடத்தில் கம்பெனி வந்தது, அத்தா படுத்த படுக்கையாக இருந்த வருஷம். போன், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்குள்ளும் வைக்கிற பச்சை அட்டைகளைச் செய்கிற கம்பெனி. முழுக்கக் கண்ணாடி. முன்னால் புல்தரை, பூச்செடி. சிம்னி கிடையாது, புகை கிடையாது, சத்தம் கிடையாது. வெள்ளை அங்கி போட்ட பிள்ளைகள் ஏ.சி. பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். "ஆஸ்பத்திரி மாதிரியில்ல சுத்தமா வெச்சிருக்கான்" என்று எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். மாடியில் ஒரு அறை கட்டி வாடகைக்கு விட்டோம்.

அத்தா மவுத்தானார். அதற்கு மூன்றாவது வருஷம் தண்ணீர் இனிக்கத் தொடங்கியது.

முதலில் கண்டுபிடித்தது மாரியாயி. "ஏய், தண்ணி இனிக்குதுடி" என்றாள். மழை பெய்தால் அப்படித்தான் என்றேன். "இல்லடி, இது வேற. லேசா ஒரு வாசம். நுங்கு மாதிரி இருக்கு, குடிச்சுப் பாரேன்." குடித்தேன். ஆமாம், இனித்தது. தெருவே வந்து குடித்துப் பார்த்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானில் பள்ளிவாசல் ஹஜ்ரத் மைக்கில் சொன்னார்: தஸ்தகீர் ராவுத்தர் என்ன எண்ணத்தோடு, என்ன நிய்யத்தோடு அந்தக் கிணற்றை வெட்டினாரோ, அதை அல்லாஹ் ஏற்றுக்கொண்டான், அதற்கு அடையாளம்தான் இந்த இனிப்பு. நான் வீட்டுக்குள் அடுப்புக்கு முன்னால் நின்று அதைக் கேட்டேன். தேம்பித் தேம்பி அழுதேன். என் அத்தா நல்லபடியாக இருக்கிறார் என்று எனக்குத் தகவல் வந்த மாதிரி இருந்தது. அதைவிட ஒரு மகளுக்கு என்ன வேண்டும்?

பாலக்கரையிலிருந்தும் திருவானைக்காவலிலிருந்தும் கேன் எடுத்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். உடம்பு சரியில்லாதவர்களுக்கு, பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு, பரீட்சை எழுதுகிறவர்களுக்கு. நான் மகாராணி மாதிரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்.

போன வருஷம் மாரியாயிக்குக் கால் வீங்கியது. பிறகு முகம். இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "கிணத்தடியிலேயே பொறந்து வளந்தவளுக்கு வந்த கேட்டைப் பாரு" என்று சிரித்தாள். சிரிக்கும்போது அவள் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டு நான் வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன். அன்றிலிருந்து அந்தச் சின்ன பாட்டிலை நான்தான் தினமும் காலையில் கிணற்றில் நிரப்பி, பிஸ்மி சொல்லிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மருந்தோடு மருந்தாக இருக்கட்டும் என்று.

இந்த வருஷம் நோன்புக்கு முந்தின மாதம் மாடி அறைக்கு சுபஸ்ரீ குடிவந்தாள். புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண், கம்பெனியில் வேலை. சாமான்களை ஏற்றிவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தவளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தேன். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"ஏம்மா, குடிக்கலையா?"

"அக்கா, இது எங்க பிடிச்ச தண்ணி?"

"எங்க கிணத்துத் தண்ணி. ஊரே வந்து வாங்கிட்டுப் போகுது."

அவள் மறுபடி மோந்து பார்த்தாள். "தப்பா நினைக்காதீங்கக்கா. இதுல எங்க கம்பெனி வாசம் வருது."

"உன் சட்டையில ஒட்டியிருக்கும்."

"இல்லக்கா, இன்னிக்கு லீவு. நான் அட்டை கழுவுற செக்‌ஷன். பிசுக்கு எடுக்க ஒரு மருந்து ஊத்துவாங்க, அதே வாசம். வேலைக்குச் சேர்ந்த புதுசுல எனக்கும் இனிப்பா நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் தலைவலி வந்துச்சு, மாஸ்க் குடுத்தாங்க. பின்னாடி தொட்டியில வெடிப்பு விட்டிருக்குன்னு உள்ள பேசிக்கிறாங்க."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. "என் அத்தா கிணத்துல உன் கம்பெனியக் கொண்டாந்து கொட்டாதே! இஷ்டம்னா குடி, இல்லாட்டி மேல போ!" என்று கத்தினேன். பாவம், அந்தப் பெண் சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் படியேறிப் போனாள். இரண்டு நாள் அவள் முகத்தில் நான் விழிக்கவில்லை.

குவைத்தை விட்டு ஊரோடு வந்துவிட்ட பிறகும் அனீஸ் என்னோடு வாதாட மாட்டார். வாதாடி ஜெயித்ததும் இல்லை. ஆனால் மறுநாள் ஒரு கண்ணாடி பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி ஸ்ரீரங்கத்துக்கு எடுத்துப் போனார். குவைத்தில் அவரோடு ஒரே அறையில் பன்னிரண்டு வருஷம் இருந்த சடகோபன் அங்கே வீட்டு முன்கட்டில் தண்ணீர் சோதிக்கிற லேப் வைத்திருக்கிறார். என்னிடம் சொல்லாமல் போனது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன். சடகோபன் போனில் எதுவும் சொல்லவில்லை. "ஆத்துக்காரியையும் அழைச்சுண்டு நேர்ல வா" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

நல்ல வெயில். சித்திரை வீதியில் அவர் வீட்டுக்குள் நுழைந்ததும், "முதல்ல தீர்த்தம் சாப்பிடுங்கோம்மா, வேர்த்து விறுவிறுத்து வந்திருக்கேள்" என்று ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தார். அவர்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீர் தீர்த்தம்தான். வாங்கிக் குடித்தேன்.

சப்பென்று இருந்தது.

இனிப்பு இல்லை, வாசம் இல்லை, ஒன்றுமே இல்லை. என் எட்டு வயதில் முதல் வாளி இழுத்து, அத்தா உள்ளங்கையில் ஏந்தி எனக்குக் கொடுத்த தண்ணீர் இப்படித்தான் இருந்தது. அந்தத் தண்ணீரை இத்தனை வருஷம் கழித்து, இன்னொருவர் வீட்டில், இன்னொருவர் டம்ளரில் குடிக்கிறேன். சடகோபன் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்கு விளங்கிவிட்டது. டம்ளரைக் கீழே வைக்கக் கை வரவில்லை.

"அது குடிக்கிற தீர்த்தம் இல்லம்மா" என்றார். "உலோகத்துல பிசுக்கு எடுக்கிற திரவம் கலந்திருக்கு. அந்த இனிப்பு அதோட சுபாவம். காய்ச்சிக் குடிக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்கோ. காய்ச்சினா ஆவியாகி ஆத்துக்குள்ளேயே நிக்கும், அதைச் சுவாசிப்பேள். நாள்பட்டா ஈரல், கிட்னி எல்லாத்தையும் தொடும். யாருக்கு எதனால வந்ததுன்னு நான் சொல்ல முடியாது. ஆனா இனிமே ஒரு வாய் யாரும் குடிக்கப்படாது."

திரும்பி வரும்போது பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தது. அனீஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் அவர் அப்படிச் செய்கிற ஆளில்லை. எனக்குள் ஒரே கேள்விதான் குடைந்தது. ஒரு மிடறு குடித்தால் கப்ருக்கு நன்மை போகும் என்றால், அந்த மிடறு ஒருத்தியின் கிட்னியைத் தின்றால் என்ன போகும்? இந்த நிமிஷம்கூட யாரோ வாளி இழுத்துக்கொண்டிருப்பார்கள். என் அத்தாவுக்கு அங்கே என்ன போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது? கிணற்றை மூடினால் அவருக்கென்று இருந்த ஒன்றும் நின்றுவிடும். மூடாவிட்டால்? யா அல்லாஹ்!

அன்றைக்கே சுபஸ்ரீயிடம் போய், "நீ சொன்னதுதாம்மா சரி" என்றேன். கம்பெனி மேல் புகாரும் எழுதிக் கொடுத்தோம். அது அதன் வேகத்தில் போகிறது. பிறகு பள்ளிவாசலுக்குப் போனேன். ஜமாஅத் செயலாளர் பரக்கத் அலி அண்ணன் கஞ்சிக்கு அரிசி இறக்கிக்கொண்டிருந்தார்.

"நோன்பு முடியட்டும் தங்கச்சி, பெருநாள் கழிச்சுப் பேசிக்கலாம்" என்றார். "சனங்க அதை அல்லாஹ் குடுத்த பரக்கத்தா நினைக்குது. இப்பப் போயி இப்படிச் சொன்னா என்ன ஆகும்? கஞ்சிதானே, கொதிக்கிற கொதியில எல்லாம் போயிரும்."

"போகும்ணே. போயி, உலைக்கு முன்னாடி நின்னு கிண்டுற மோதினார் மூக்குக்குள்ள போகும்."

ஹஜ்ரத்திடம் கேட்டேன், கிணற்றை மூடினால் அத்தாவின் நன்மை நின்றுவிடுமா என்று. அவர் தாடியைத் தடவினார். ஜும்ஆவில் அவரே மைக்கில் சொன்னது அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும். "கிதாபைப் பாத்துச் சொல்றேன்மா" என்றார்.

"நீங்க கிதாபைப் பாருங்க ஹஜ்ரத். நான் கிணத்தைப் பாத்துக்கிறேன்" என்று வந்துவிட்டேன்.

மாரியாயியிடம் சொல்வதுதான் கஷ்டம். மறுநாள் காலையில் அவள் பாட்டிலில் குழாய்த் தண்ணீரை நிரப்பிக் கொண்டுபோனேன். ஒரு வாய் குடித்தாள்.

"இது நம்ம தண்ணி இல்லையே. கிணத்துக்கு லீவா?"

கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சுபஸ்ரீ மோந்து பார்த்தது, சடகோபன் சொன்னது, எல்லாம். அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எனக்கு வந்ததும் இதனாலதானா?"

"தெரியலடி. டாக்டரும் அப்படிச் சொல்லல, சடகோபனும் சொல்லல. ஆனா என் கையாலதான்டி தினமும்..."

அவள் என் பக்கம் திரும்பிச் சொன்னாள், "அத்தா பாவம்டி."

அவ்வளவுதான், நான் உடைந்துவிட்டேன். பஸ்ஸில் வந்த பயத்தை எல்லாம் அவள் மடியில் கொட்டினேன். அவள் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "சீ, பைத்தியம்! விஷத்தைக் கொட்டினவன் ஏ.சி.ல உக்காந்திருக்கான். வெட்டிக் குடுத்த மனுசன் மேலயா உங்க சாமி பழி போடும்? எந்திரி. மூடுடி அதை. இன்னிக்கே மூடு."

அன்றைக்கே அனீஸ் ஆளைக் கூட்டிவந்து இரும்புத் தகட்டில் மூடி செய்து, நாதாங்கி வைத்துப் பூட்டு போட்டார். ராட்டினத்தைக் கழற்றும்போது நான் உள்ளே போய்விட்டேன். பரக்கத் அலி அண்ணன் இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, கஞ்சிக்கு லாரித் தண்ணீர் சொல்லிவிட்டார்.

முதல் நோன்பு. சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததிலிருந்து கேனோடு வந்துகொண்டே இருந்தார்கள். நான் கிணற்றடியில் நின்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். சிலர் புரிந்துகொண்டார்கள், சிலர் முனகிக்கொண்டே போனார்கள். நோன்பு திறக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கும்போது பாலக்கரையிலிருந்து உஸாமா வந்தான். அவன் அம்மா தஸ்லிமா படுக்கையில் இருக்கிறார். வருஷா வருஷம் இந்தத் தண்ணீரில்தான் நோன்பு திறப்பார்.

"இல்ல தம்பி" என்றேன். அந்தக் கிணற்றடியில் அந்த வார்த்தையை அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. காரணத்தையும் சொன்னேன்.

"அதெல்லாம் எங்கம்மாவுக்குப் புரியாதுங்க. ஒரு டம்ளர் குடுங்க போதும். அவங்களுக்கு இதுதான் கடைசி நோன்போ என்னவோ."

"இல்ல தம்பி."

அவன் பூட்டைப் பிடித்து ஆட்டினான். நாள் முழுக்கத் தண்ணீர் படாத நாக்கு. கோபம் வந்துவிட்டது. "உங்க அத்தாவுக்குப் போற நன்மைய மகளே நிறுத்துறீங்களே, நீங்கள்லாம் நல்லா இருப்பீங்களா?"

வேறு நாளாக இருந்தால் அவன் ஏழு தலைமுறையையும் இழுத்துவிட்டிருப்பேன். அன்றைக்கு வாய் எழவில்லை. என் பயத்தை அப்படியே எடுத்து என் முகத்தில் வீசுகிறான்.

"ஆமா தம்பி, நிறுத்துறேன்" என்றேன். "உங்கம்மா நல்லா இருக்கட்டும்."

மாரியாயி எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து அவன் முன்னால் நின்றாள். புடவைத் தலைப்பை விலக்கி, டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்திப் புடைத்துக் கறுத்த இடது கையை நீட்டினாள்.

"இந்தா, பாரு தம்பி. இந்தத் தெருவுல என்னைவிட அதிகமா இந்தத் தண்ணியக் குடிச்சவங்க யாரும் இல்ல. உங்கம்மாவுக்கு வேணுமா?"

உஸாமா அந்தக் கையைப் பார்த்தான். பூட்டை விட்டான். மாரியாயி முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல், கீழே கிடந்த கேனை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். கேன் வண்டியில் காலியாகத் தடதடத்துக்கொண்டே போனது.

மஃரிப் பாங்கு சொல்லத் தொடங்கியது. எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. நோன்பு திறக்கும் நேரத்தில் கேட்பதை அல்லாஹ் தள்ள மாட்டான். நான் எனக்காக எதுவும் கேட்கவில்லை. அந்த வண்டி போன திசையைக் காட்டி, அத்தாவை அடக்கிய கப்ருஸ்தான் பக்கம் திரும்பி, வாய்விட்டுச் சொன்னேன்.

"அத்தா, குடிக்காம ஒருத்தன் போறான். அந்த நன்மைய வாங்கிக்கங்க."